மாண்டி கிறிஸ்டோ பிரபு அனுப்பிய மருந்துக் குறிப்பு

வாசகர் கேள்வி:

ஐயா, என் தந்தையும் சித்தப்பாவும் கூட்டாக ஒரு ஜவுளிக் கடை நடத்தினார்கள். பொய்க் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரம் ஒன்றைக் கொண்டு சித்தப்பா என் தந்தையின் பங்கை எடுத்துக்கொண்டார். அந்த ஏக்கத்திலேயே என் தந்தை இறந்தார். நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிதி நிறுவனத்தின் கணக்குகளைப் பார்க்க நேர்ந்தபோது, அது அதிக நாள் தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சித்தப்பாவின் நண்பர் ஒருவரிடம், "அங்கே போட்டவர்களுக்கெல்லாம் மாதாமாதம் தவறாமல் பணம் வருகிறதாம்" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு அது உண்மைதான். சித்தப்பா வீட்டை அடமானம் வைத்துப் பணம் போட்டார். ஐந்தே மாதத்தில் நிறுவனம் மூடப்பட்டது. இப்போது அவருடைய மகள், எனக்குத் தங்கை முறை, பொறியியல் மூன்றாம் ஆண்டோடு படிப்பை நிறுத்த வேண்டிய நிலையில் இருக்கிறாள். அண்மையில் மாண்டி கிறிஸ்டோ நாவலைப் படித்தேன். பிரபு தன் கையால் யாரையும் கொல்லவில்லை; அவரவர் பேராசைதான் அவரவரை அழித்தது. அப்படியிருக்க, பெற்ற தாயே நஞ்சூட்டிக் கொன்ற எட்வர்ட் என்ற சிறுவனின் உடலைக் கண்டதும் அவர் ஏன் வெளிறிப் போகிறார்? குற்றம் அந்தத் தாயினுடையதுதானே? இதை எனக்காகவும் கேட்கிறேன் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்த பிறகு, முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தேன். முப்பது ஆண்டுகளாக அமர்வு நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்குகளை நடத்திவரும் எனக்கு, "நான் சொன்னேன், அவ்வளவுதான், செய்தது அவர்" என்ற பேச்சு மிகவும் பழகியது. அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. நீங்களும் பொய் சொல்லவில்லை. ஆனால் "அவ்வளவுதான்" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எதையெல்லாம் மூடி வைக்கிறோம் என்பதை ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும். அதற்கு நீங்கள் குறிப்பிட்ட நாவலே போதும்.

அதைப் படிக்காதவர்களுக்காகச் சில வரிகள் சொல்லிவிடுகிறேன். அலெக்ஸாந்தர் டூமா எழுதிய இக்கதை 1844 முதல் 1846 வரை பாரிஸ் நாளிதழ் ஒன்றில் தொடராக வெளிவந்தது. மார்செய் துறைமுகத்தைச் சேர்ந்த எட்மண்ட் டான்டெஸ் என்ற 19 வயது மாலுமி, கப்பல் தலைவனாகப் பதவி உயரவும் காதலி மெர்சிடிஸை மணக்கவும் இருந்த வேளையில், நெப்போலியனின் ஆள் என்ற பொய்ப் புகாரின்பேரில் 1815 பிப்ரவரியில் கைது செய்யப்படுகிறான். அரசு வழக்கறிஞரான வில்ஃபோர் அவனை விடுவிக்கும் தறுவாயில், அவனிடமிருந்த கடிதம் தன் சொந்தத் தந்தையின் பெயருக்கு எழுதப்பட்டது என்று கண்டு, அதை எரித்துவிட்டு, அவனைக் கடல் நடுவிலுள்ள சிறைக்கு அனுப்பிவிடுகிறான். 14 ஆண்டுகளுக்குப் பின் தப்பி வரும் டான்டெஸ், சிறைத் தோழரான ஃபாரியா பாதிரியார் சொல்லிச் சென்ற புதையலை எடுத்து, மாண்டி கிறிஸ்டோ பிரபு என்ற பெயரில் பாரிஸுக்கு வந்து பகைவர்களை ஒவ்வொருவராக வீழ்த்துகிறார்.

உங்கள் கேள்விக்கு விடை எட்வர்டின் உடல் கிடக்கும் அறையில் இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அதைக் கதையின் தொடக்கத்தில், மார்செய் கடற்கரையில் உள்ள ஒரு மதுக்கடையின் கொடிப்பந்தலில் தேடுவேன். கப்பலின் கணக்கரான டாங்லார் அங்கே அமர்ந்து, பேனாவும் மையும் தாளும் வரவழைத்து, கையெழுத்து அடையாளம் தெரியாதிருக்க இடக்கையால் அந்தப் புகாரை எழுதுகிறான். மெர்சிடிஸின்மேல் ஆசை வைத்திருந்த ஃபெர்னான் எதிரில் இருக்கிறான். குடிபோதையில் இருந்த காடரூஸ் என்ற தையற்காரன், இது அநியாயம் என்று குழறுகிறான். உடனே டாங்லார், இதெல்லாம் விளையாட்டுக்குத்தான் என்று சொல்லி, எழுதிய தாளைக் கசக்கிப் பந்தலின் மூலையில் எறிந்துவிட்டு, காடரூஸின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நடக்கிறான். சிறிது தூரம் சென்று திரும்பிப் பார்க்கிறான். ஃபெர்னான் குனிந்து அந்தத் தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடுவது தெரிகிறது. காரியம் சரியாகக் கிளம்பிவிட்டது, இனி அது தானாகவே போய்ச் சேரும் என்று டாங்லார் மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறான்.

சகோதரி, டாங்லார் என்ன செய்தான்? ஒரு தாளில் எழுதினான், கசக்கி எறிந்தான், அவ்வளவுதான். அஞ்சலில் சேர்த்தவன் ஃபெர்னான், சிறைக்கு அனுப்பியவன் வில்ஃபோர், தடுக்காமல் இருந்தவன் காடரூஸ். கப்பலில் ஒரு கடிதம் இருந்தது என்று டாங்லார் எழுதியது உண்மையுங்கூட; டான்டெஸிடம் அப்படியொரு கடிதம் இருக்கத்தான் செய்தது. இருந்தும் நாவலைப் படிக்கும் எவரும் டாங்லாரை விடுவிப்பதில்லை. நீங்களும் விடுவித்திருக்க மாட்டீர்கள். நம் ஊரில் இதற்கு வத்தி வைப்பது என்று பெயர். வைத்தவன் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம், வெடி தானாக வெடிக்கும்.

இப்போது அதே நாவலில், ஏறத்தாழ 23 ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் நடக்கும் இன்னொரு காட்சிக்கு வாருங்கள். வில்ஃபோரின் இரண்டாம் மனைவி எலோயிஸ் வீட்டுக்குப் பிரபு வந்திருக்கிறார். அதற்குமுன் அவள் சென்ற வண்டியின் குதிரைகள் வெறிகொண்டு ஓடியபோது, பிரபுவின் பணியாள் குதிரைகளை மடக்கி நிறுத்தினான். அதிர்ச்சியில் மயங்கிக் கிடந்த சிறுவன் எட்வர்டின் உதட்டில் பிரபு ஒரே ஒரு சொட்டுச் சிவப்பு மருந்தை விட்டதும் அவன் கண் திறந்தான். குதிரைகள் அந்த வழியாக ஓடிவரும் என்பதைக்கூடப் பிரபு முன்னதாகவே எதிர்பார்த்துப் பணியாளைத் தயாராக நிறுத்தியிருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த மருந்தைப் பற்றித்தான் அவள் இப்போது கேட்கிறாள். பேச்சு மருந்திலிருந்து நஞ்சுக்குத் தாவுகிறது. நாள்தோறும் சிறிது சிறிதாக நஞ்சருந்திப் பழகிய மித்ரிடாடிஸ் மன்னனின் பெயர் வந்ததும், படப் புத்தகம் ஒன்றைக் கிழித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்த எட்வர்ட் அந்த மன்னனைப் பற்றித் தான் பாடத்தில் படித்ததைச் சொல்லிக் காட்டுகிறான். தொந்தரவு செய்யாதே என்று தாய் அவனை வெளியே அனுப்புகிறாள்.

அந்தச் சிறுவன் அறையில் இருந்தான் என்பதை டூமா வேண்டுமென்றே வைத்திருக்கிறார் என்பது என் எண்ணம். யாருக்காக இந்தத் தாய் நஞ்சைத் தேடுகிறாள் என்பதைப் பிரபு கண்ணால் பார்த்துவிட்டார். மூத்தாள் மகள் வாலன்டைனுக்குப் போகும் சொத்து தன் மகனுக்கு வர வேண்டும் என்பதைத் தவிர எலோயிஸுக்கு வேறு நோக்கமில்லை.

பையன் போன பிறகு பிரபு ஒரு கதை சொல்கிறார். ஒரு முட்டைக்கோஸுக்கு நஞ்சு கலந்த தண்ணீரை ஊற்றி வளர்க்கிறார் ஒருவர். அந்த இலையைத் தின்ற முயல் சாகிறது. முயலின் குடலைக் கொத்திய கோழி சாகிறது. கோழியைத் தூக்கிச் சென்ற கழுகு, பறக்கும்போதே சோர்ந்து மீன் குளத்தில் விழுகிறது. கழுகைத் தின்ற மீன் மறுநாள் விருந்துக்கு வருகிறது. அதை உண்ட விருந்தாளி சில நாட்களில் வயிற்று நோயால் இறந்ததாக மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார். எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. குற்றவியல் வழக்குகளில் காரண காரியத் தொடர்பு என்று நாங்கள் வாதிடும் விஷயம் முழுவதும் இந்த ஒரு கதையில் அடங்கியிருக்கிறது. எத்தனை கைகள் மாறினால் முதற்கை கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்ற கணக்கைத்தான் பிரபு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். தன்னுடைய பழிவாங்கல் முழுவதையும் அவர் அமைத்திருக்கும் முறையும் இதுவே என்பதை அவள் அறியாள்.

விடைபெற்று வெளியே வரும்போது, இது நல்ல மண், இங்கே விழுந்த விதை முளைக்காமல் போகாது என்று பிரபு முணுமுணுக்கிறார். மறுநாள், வாக்குக் கொடுத்தபடி, மருந்துக் குறிப்பை அனுப்பி வைக்கிறார். கொடிப்பந்தலில் டாங்லார் மனத்துக்குள் சொல்லிக்கொண்டதையும் இந்த முணுமுணுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தன்னை அழித்தவன் எந்த வழியில் அழித்தானோ, அதே வழியைத்தான் டான்டெஸ் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். மதுக்கடைத் தாளுக்குப் பதிலாக மருந்துக் குறிப்பு, இடக்கைக்குப் பதிலாகப் பண்பான பேச்சு. டாங்லார் குற்றவாளி என்றால் பிரபு எப்படிக் குற்றமற்றவர் ஆவார்? டாங்லாரைத் தண்டிக்கப் பிரபுவுக்கு உரிமை தந்த அதே நியாயம், எட்வர்டின் உடலுக்கு முன் அவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அவர் வெளிறிப் போனதன் காரணம் அதுதான். இறந்த மனைவியையும் மகனையும் வில்ஃபோர் காட்டி, பழி தீர்ந்ததா என்று கேட்ட அந்தக் கணத்தில், கடவுள் என் பக்கம் இருக்கிறார் என்று இனித் தன்னால் சொல்ல முடியாது என்பதைப் பிரபு உணர்கிறார். ஒருமுறை அந்தப் பையனை ஒரு சொட்டில் எழுப்பியவர், இப்போது அவனைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடித் தன் வித்தையெல்லாம் காட்டியும் எழுப்ப முடியாமல், உடலைத் திரும்பக் கொண்டுவந்து தாயின் அருகில் கிடத்துகிறார்.

நீங்கள் கேட்டது சரிதான். அந்தத் தாய் கொலைகாரிதான். வாலன்டைனின் தாய்வழிப் பாட்டனையும் பாட்டியையும் கொன்றவள் அவள். வில்ஃபோரின் முடமான தந்தைக்காக வைத்த நஞ்சு கலந்த எலுமிச்சைப் பானத்தைப் பழைய வேலையாளான பாருவா குடித்து இறந்ததற்கும் அவள்தான் பொறுப்பு. கடைசியில், நல்ல தாய் மகனை விட்டுப் போகமாட்டாள் என்று எழுதி வைத்துவிட்டு, அவனுக்கும் நஞ்சூட்டித் தானும் இறந்தாள். அவளுடைய பொறுப்பில் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் இங்கேதான் நாம் எல்லாரும் தவறு செய்கிறோம். குற்றத்தைப் பாகப்பிரிவினைச் சொத்து போல நினைத்துக்கொள்கிறோம்: பத்து ஏக்கரில் எட்டு அவளுக்குப் போய்விட்டால் மீதி இரண்டுதான் இவருக்கு என்று. குற்றத்துக்கு அப்படி அளந்து பிரிக்கும் வழக்கம் கிடையாது. அவள் செய்ததற்கு அவள் முழுப் பொறுப்பு. அவர் செய்ததற்கு அவர் முழுப் பொறுப்பு. வரம் கேட்டவள் கைகேயி என்பதற்காகக் கூனியை நாம் விட்டுவிட்டோமா? சிறுவயதில் இராமன் வில்லில் வைத்து எய்த மண்ணுருண்டையை மறக்காத கூனியின் பகையைக் கம்பர் சொல்லிவிட்டுத்தான் சூழ்ச்சிக்கு வருகிறார்.

சட்டம் இதை வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. நாவல் நடக்கும் காலத்தில் பிரான்சில் நடைமுறையில் இருந்த 1810ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, பரிசாலோ வாக்குறுதியாலோ சூழ்ச்சியாலோ ஒருவரைக் குற்றத்துக்குத் தூண்டியவரையும், அதைச் செய்வதற்கான வழிமுறைகளைச் சொல்லிக் கொடுத்தவரையும், இதற்குத்தான் பயன்படும் என்று தெரிந்தே கருவிகளைக் கொடுத்தவரையும் உடந்தை என்று வகைப்படுத்தியது. நம் நாட்டில் 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 111ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 51ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஒருவர் ஒரு குழந்தையிடம் நஞ்சைக் கொடுத்து, இன்னாருடைய உணவில் கலந்துவிடு என்று தூண்டுகிறார். குழந்தை தவறிப்போய்ப் பக்கத்திலிருந்த வேறொருவருடைய உணவில் கலந்துவிடுகிறது. அந்தச் சூழ்நிலையில் அப்படி நடக்க வாய்ப்பிருந்தது என்றால், தூண்டியவர் அந்த வேறொருவருடைய உணவில் கலக்கச் சொன்னது போலவே பொறுப்பாகிறார். எலுமிச்சைப் பானத்தைக் குடித்த பாருவாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எடுத்துக்காட்டு நினைவுக்கு வரும்.

உண்மையைச் சொல்வதானால், பிரபுவுக்காக நான் வாதாட நேர்ந்தால் அவரை விடுதலை செய்ய வைத்துவிடுவேன். அவர் பேசியது பொதுப்பேச்சு. மருந்தைக் கேட்டவள் அவள். நஞ்சு கொடு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. உள்நோக்கத்தை நிரூபிக்க அரசுத் தரப்பிடம் சாட்சி இல்லை. நிரூபிக்க முடியாதது வேறு, நடக்காதது வேறு என்பது மட்டும் எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு இரவில் நன்றாகத் தெரியும்.

பொறுப்பை அளக்க நான் இரண்டு கேள்விகளைக் கேட்பது வழக்கம். என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது ஒன்று. நடக்கத் தொடங்கிய பிறகு நிறுத்தும் வாய்ப்பு அவர் கையில் இருந்ததா என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். காடரூஸின் சாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரபுவின் வீட்டில் திருட வந்த அவனைப் பாதிரியார் வேடத்தில் இருந்த பிரபு பிடித்து, எழுத்து வாங்கிக்கொண்டு, சன்னல் வழியாக இறங்கிப் போக விடுகிறார். சுவருக்கு அப்பால் அவனுடைய கூட்டாளி பெனடெட்டோ கத்தியோடு காத்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். குத்தியவன் பெனடெட்டோ. தெரிந்தே அனுப்பியவர் பிரபு. உயிர் பிரியும் நேரத்தில் காடரூஸின் காதில் தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டு, அவன் இறந்ததும் "ஒன்று" என்று எண்ணுகிறார். நாவல் முழுவதிலும் எனக்கு மிகவும் அருவருப்பான சொல் அதுதான்.

இதைவிட வலியது, டான்டெஸின் பழைய கப்பல் முதலாளியின் மகனும் பிரபுவின் அன்புக்கு உரியவனுமான மாக்ஸிமிலியன் வரும் இடம். வில்ஃபோர் வீட்டில் ஒருவர்பின் ஒருவராக நஞ்சுக்குப் பலியாகிறார்கள் என்று அந்த இளைஞன் பதறிச் சொல்லும்போது, பிரபு அசையவில்லை. அது கடவுளின் தீர்ப்பு இறங்கிய வீடு, நீயேன் கவலைப்படுகிறாய் என்கிற தோரணையில் பேசுகிறார். அடுத்துச் சாகவிருக்கும் வாலன்டைனைத் தான் காதலிப்பதாக மாக்ஸிமிலியன் சொன்ன பிறகுதான் நடுங்கிப் போய் அவளைக் காப்பாற்றக் கிளம்புகிறார், காப்பாற்றியும் விடுகிறார். அப்படியானால் நிறுத்தும் வல்லமை முதலிலிருந்தே அவரிடம் இருந்திருக்கிறது. பாருவா சாகும்போதும் இருந்தது. அந்த வேலையாளுக்காக அழ, பிரபுவுக்கு வேண்டிய ஒருவர் அங்கே இல்லை, அவ்வளவே வேறுபாடு. ஃபெர்னானை மணந்திருந்த மெர்சிடிஸ் நள்ளிரவில் வந்து மன்றாடியதால், மறுநாள் பிரபுவோடு துப்பாக்கிச் சண்டைக்கு நிற்கவிருந்த அவளுடைய மகன் ஆல்பர்ட் உயிர் தப்பினான். தந்தையர் செய்த பாவம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை பிள்ளைகள்மேல் விழும் என்று வேதநூலைக் காட்டி அவளிடம் வாதிட்டவர்தான் அன்றிரவு இறங்கி வந்தார். எட்வர்டுக்காக வந்து மன்றாட அந்த வீட்டில் எவரும் இல்லை.

இனி உங்கள் விஷயம். நீங்கள் பிரபு அல்லர். உங்கள் சித்தப்பா பணத்தைத்தான் இழந்தார், உயிரை அல்ல. இந்த வேறுபாட்டைச் சிறிதென்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் நீங்கள் சொன்ன அந்த ஒரு வரியை நானும் எடை போட வேண்டும். அது உண்மை என்கிறீர்கள். நீங்கள் பார்த்த கணக்கு வேறொன்றைச் சொல்லிற்று. அதைச் சொல்லாமல், அவர் நம்பக்கூடிய பாதியை மட்டும், அவர் காதுக்குப் போய்ச் சேரும் வழியாகத் தேர்ந்தெடுத்துச் சொன்னீர்கள். மோசடிக்கு விளக்கம் தரும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு, நேர்மையற்ற முறையில் உண்மையை மறைப்பதும் ஏமாற்றுதலே என்கிறது. அதில் உங்களுக்கு லாபம் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு நண்பரிடம் சொன்ன ஒற்றை வாக்கியத்தை வைத்து உங்கள்மேல் வழக்கு நிற்கும் என்று நான் கருதவில்லை. நீங்கள் கேட்டதும் வழக்கைப் பற்றி அல்ல என்பதால், என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: சித்தப்பாவின் பேராசைக்கு அவர் பொறுப்பு. அந்தப் பேராசைக்கு உணவு எங்கே கிடைக்கும் என்று காட்டியதற்கு நீங்கள் பொறுப்பு. நிறுவனம் மூடுவதற்கு முன்னிருந்த ஐந்து மாதமும், போட்ட பணத்தை எடுத்துவிடுங்கள் என்று சொல்லும் வாய்ப்பு உங்கள் கையில் இருந்தது. அந்த ஐந்து மாதத்தைத்தான் உங்கள் கடிதம் ஒரே வரியில் கடந்துவிடுகிறது.

இதைப் படித்து உங்கள் மனம் நொந்தால், நாவலில் எனக்கு மிகவும் பிடித்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். சிறையின் இருட்டில், தன்னை யார் காட்டிக்கொடுத்தார்கள் என்றே அறியாமல் இருந்த டான்டெஸிடம் கேள்விமேல் கேள்வி கேட்டு, டாங்லார், ஃபெர்னான், வில்ஃபோர் மூவரையும் அடையாளம் காட்டியவர் ஃபாரியா பாதிரியார். அவர் சொன்னது முழு உண்மை, நோக்கமும் நல்ல நோக்கம். மறுபடி டான்டெஸின் முகத்தைப் பார்த்ததும், உனக்கு இதைச் சொன்னதற்காக வருந்துகிறேன், உன் மனத்தில் முன்பு இல்லாத பழிவாங்கும் எண்ணத்தை நான் புகுத்திவிட்டேன் என்கிறார். டான்டெஸ் புன்னகைத்துப் பேச்சை மாற்றிவிடுகிறான். கதையில் வரும் எல்லாரிலும் மிகக் குறைந்த தவறு செய்தவர், யாரும் கேட்காமலே தன் பங்கை முதலில் ஏற்றுக்கொண்டவர் அவர் ஒருவரே. நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியபோது அவர் வழியில் ஓரடி வைத்துவிட்டீர்கள் என்றே எண்ணுகிறேன்.

அடுத்த அடி எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஓர் எச்சரிக்கை. தங்கையின் கல்லூரிக் கட்டணத்தைப் பெயர் தெரியாமல் கட்டிவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கலாம். உங்களைப் போன்ற நிலையில் இருந்தவர்கள் பலர் முதலில் அதைத்தான் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பிரபுவும் நன்மைகளை அப்படித்தான் செய்தார். வாலன்டைன் உயிரோடு இருப்பதை மறைத்து, மாக்ஸிமிலியன் ஒரு மாதம் முழுவதும் அவள் இறந்துவிட்டாள் என்றே நம்பித் தவிக்கும்படி விட்டு, சாகும் எல்லை வரை கொண்டுபோய்ப் பிறகு அவளைக் காட்டுகிறார். பேரின்பத்தின் அருமை தெரிய வேண்டுமென்பதற்காக என்கிறார். எனக்கு அது கொடுமையாகவே படுகிறது. திரைக்குப் பின்னால் நின்று கயிறு இழுக்கும் பழக்கம், நல்லது செய்யும்போதும் அவரை விட்டுப் போகவில்லை. நீங்கள் அந்தப் பழக்கத்தை இரண்டாம் முறை தொடங்க வேண்டாம். செய்வதை உங்கள் பெயரில், அவர்கள் அறியச் செய்யுங்கள்.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வைப்புத்தொகை வாங்கி ஏமாற்றிய நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுக்கத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. பத்திரிகைகளில் டான்பிட் சட்டம் என்று படித்திருப்பீர்கள். நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, ஏலம் விட்டு, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அச்சட்டம் வழி செய்கிறது. அதற்கு, பணம் போட்டவர் ரசீதுகளோடு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்திருக்க வேண்டும். ஏமாந்த வெட்கத்தால் புகாரே கொடுக்காமல் இருப்பவர்கள் ஏராளம். உங்கள் சித்தப்பாவும் அவர்களில் ஒருவராக இருக்கக்கூடும். அவரை அழைத்துச் செல்லுங்கள். அந்த நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் கண்டதை விசாரணை அதிகாரியிடம் வாக்குமூலமாகக் கொடுங்கள். வாய் மூடியிருந்ததால் நேர்ந்த கேட்டை வாய் திறந்து சரிசெய்யும் வழி வேறு எனக்குத் தெரியவில்லை. போவதற்கு முன் உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுங்கள். அலுவலக ரகசியம் தொடர்பாக உங்களுக்குள்ள கடமை எதுவரை என்பதை அவர் சொல்வார்.

சித்தப்பா உங்கள் தந்தைக்குச் செய்தது இதனால் அழிந்துவிடாது. இரண்டையும் ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்ள வேண்டாம். பொய்க் கையெழுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்குக்கு, விவரம் தெரிய வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்று காலவரம்புச் சட்டம் சொல்கிறது. கூட்டுச் சொத்தில் பங்கு கேட்பதற்கான காலக்கணக்கு வேறு. உங்களுக்கு எந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது என்பது ஆவணங்களைப் பார்த்தால்தான் தெரியும். வில்லங்கச் சான்றும், அந்த விடுதலைப் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். அந்த வழக்கை நீதிமன்றத்தில், வெளிச்சத்தில், உங்கள் தந்தையின் பெயரைச் சொல்லி நடத்துங்கள்.

நண்பரிடம் நீங்கள் சொன்ன அந்த ஒரு வரியைச் சித்தப்பாவிடம் எப்போது ஒப்புக்கொள்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கத்தான் போகிறீர்கள். புகார் கொடுத்து முடிந்த பிறகு, பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அவர் கோபத்தில் பேசுவார், மன்னிக்காமலும் போகலாம். பத்திரத்தைப் பற்றி அவர் வாயைத் திறக்க வைப்பதற்கான விலையாக அதைச் சொல்லாதீர்கள்.

அதற்கெல்லாம் நாளாகும். தங்கையின் கல்லூரி அவ்வளவு நாள் காத்திருக்காது. நாளைக்கே அவளைக் கூப்பிட்டு, பருவக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி எது என்று கேளுங்கள். வங்கியில் கல்விக் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறாளா, கல்லூரியில் தவணை கேட்டுப் பார்த்தாளா என்றும் விசாரியுங்கள். அக்கா எதற்காகக் கேட்கிறாய் என்று அவள் கேட்டால், பணம் கட்டத்தான் கேட்கிறேன் என்று சொல்லுங்கள்.